மெஷினில் 1 வாட், தசைக்குள் எவ்வளவு? பிசியோ அல்ட்ராசவுண்ட் செறிவை அளக்க முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் எந்த பிசியோ கிளினிக்குக்குள் நுழைந்தாலும் மூலையில் ஓர் அல்ட்ராசவுண்ட் மெஷின் நிற்கும். காசிமேட்டில் வலை இழுத்துத் தோள்பட்டை பிடித்துக்கொண்டவர், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்று குதிகால் வலியோடு வரும் அக்கா, துறைமுகத்தில் சுமை தூக்கி இடுப்பு போனவர் என்று வரிசையாக வருவார்கள். ஜெல் தடவி, 1.0 என்று வைத்து, ஒலி வெளியேறும் முனையான ஹெட்டை ஐந்து நிமிடம் சுழற்றி, கார்டில் '1 மெகாஹெர்ட்ஸ், 1 வாட்' என்று எழுதிவிடுகிறோம்.

அந்த 1.0 எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான மெஷின்கள் வெளியே போகும் ஒலியை அளப்பதே இல்லை. ஹெட்டுக்குள் இருக்கும் கிரிஸ்டலுக்குப் போகும் மின்சாரத்தை வைத்துக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகின்றன. ஹெட் கீழே விழுந்து கிரிஸ்டலின் ஒட்டு விட்டிருந்தாலும் திரையில் அதே 1.0 இருக்கலாம். ஒட்டு விடாமல் எல்லாம் நன்றாக இருந்தாலும், அது தோலுக்கு வெளியே உள்ள எண். தோல், கொழுப்பு, தசை தாண்டி வலிக்கும் இடத்தில் சேருவது வேறு எண்.

நோயாளியின் உடம்புக்குள் செறிவை நேரடியாக அளப்பது அன்றாட சிகிச்சையில் நடக்காத காரியம். யாருடைய தோளுக்குள்ளும் உணர்கருவியைச் சொருகிக்கொண்டு உட்கார முடியாது. ஆகவே சுற்றுவழிதான். தண்ணீரில் அளந்து, வழியில் தேய்வதைக் கழிப்பது ஒன்று. ஏறும் வெப்பத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது இன்னொன்று. முதல் வழிக்கு ஒரு நகைக்கடைத் தராசும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் அந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லும் தராசு முறை உங்கள் மெஷினை நீங்களே சோதித்துக்கொள்வதற்கு மட்டும். சான்றிதழ் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற அளவீட்டுக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். நம் நாட்டில் மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட், திறனுக்கான மூல அளவுகோலைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

படி 1: எந்த எண்ணைத் தேடுகிறோம்?

திறன் என்பது ஹெட்டிலிருந்து மொத்தமாக வெளியேறும் ஒலி ஆற்றலின் வேகம். அலகு வாட். அதை ஒலி வெளியேறும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது செறிவு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை வாட். இந்தப் பரப்பு ஹெட்டின் உலோக முகத்தின் பரப்பைவிடப் பெரும்பாலும் சிறியது. மெஷினின் கையேட்டிலோ ஹெட்டின் பக்கவாட்டிலோ ஈ.ஆர்.ஏ. என்று போட்டிருப்பது இதைத்தான். '5 சதுர சென்டிமீட்டர் ஹெட்' என்று விற்பதில் ஈ.ஆர்.ஏ. 4 ஆக இருப்பது சகஜம்.

பக்கத்திலேயே பி.என்.ஆர். என்று இன்னொரு எண் இருக்கும். ஹெட்டிலிருந்து கிளம்பும் ஒலிக்கற்றையில் மிக உச்சமான புள்ளியின் செறிவு, சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் எண் அது. 5 என்றால், சராசரி 1 வாட் வைத்திருக்கும்போது எங்கோ ஒரு புள்ளியில் 5 வாட் இருக்கிறது. சராசரி ஆழம் முழங்கால் அளவுதான் என்று நம்பி ஏரியில் இறங்கினவன் கதை மாதிரி. பிசியோ மெஷின்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம் ஐ.இ.சி. 60601-2-5 இதற்கு 8 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. செறிவுக்கு வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 3 வாட். ஹெட்டை ஒரே இடத்தில் நிறுத்தாதே என்று கல்லூரியில் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இந்த உச்சப்புள்ளி ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் காலக் கணக்கு. 20 சதவீத பல்ஸ் முறையில் 2 மில்லிவினாடி ஒலி, 8 மில்லிவினாடி ஓய்வு என்று ஓடும். சில மெஷின்கள் ஒலி வரும் நேரத்துச் செறிவைக் காட்டும், சில முழு நேரத்துக்குமான சராசரியைக் காட்டும். முதல் வகையில் 1.0 என்றால் சராசரி 0.2 மட்டுமே. உங்கள் மெஷின் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். கையேடு தொலைந்து போயிருந்தாலும் கவலையில்லை, படி 4இல் தராசே சொல்லிவிடும்.

படி 2: சாமான்

தராசு: 0.01 கிராம் வரை காட்டி, 500 முதல் 600 கிராம் வரை தாங்கும் நகைத் தராசு. என்.எஸ்.சி. போஸ் சாலை, சவுகார்பேட்டை பக்கம் நகைத் தொழிலுக்கான சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். 1 மில்லிகிராம் வரை காட்டுவது கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த வகையில் தாங்கும் எடை குறைவாக இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

பாத்திரம்: 250 மில்லி பீக்கர். ஹெட் உள்ளே இறங்கிய பிறகும் சுவரில் இடிக்காத அகலம் வேண்டும்.

உறிஞ்சும் தகடு: பீக்கரின் அடியில் கிடக்க வேண்டிய, ஒலியை விழுங்கும் ரப்பர். தண்ணீரோடு ஒலியளவில் ஒத்துப்போகும் பாலியூரித்தேன் ரப்பர் ஏற்றது. ஒரு சென்டிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும். குமிழ் நிறைந்த ஸ்பாஞ்சு வகை வேண்டாம், அதில் இருக்கும் காற்று ஒலியைத் திருப்பி அடித்துவிடும்.

பிடிமானம்: ஹெட்டை மேலிருந்து பிடித்து நிற்கும் ஸ்டாண்ட். அது தராசைத் தொடக்கூடாது. தராசு இருக்கும் அதே ஆட்டமான மேசையில் வைப்பதும் சரிவராது. லாரி ஓடும் தெருவை ஒட்டிய அறை என்றால் இரவில் அளப்பது உத்தமம். மணலி, எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் பகலில் தராசின் கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது. மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள்.

ஹைட்ரோஃபோன் என்ற நீருக்கடி உணர்கருவி இருந்தால் கற்றையைப் புள்ளி புள்ளியாகப் பார்க்கலாம். விலை லட்சங்களில் என்பதால் கிளினிக்குக்குக் கட்டுப்படியாகாது. கல்லூரி ஆய்வகத்தில் இருந்தால் படி 5ஐப் பாருங்கள்.

படி 3: தண்ணீர்

பார்க்க எளிதான இந்தப் படியில்தான் அளவீடு பெரும்பாலும் கெட்டுப்போகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, ஒலி பட்டதும் நுண்குமிழாக வெளியே வரும். காற்றும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் ஒலியின் 99.9 சதவீதம் திரும்பிவிடும். ஹெட்டின் முகத்தில் நாலு குமிழ் ஒட்டினாலே கணக்கு போச்சு. குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், லாரித் தண்ணீர் எதுவும் அப்படியே ஆகாது.

கேன் தண்ணீரையோ காய்ச்சி வடித்த தண்ணீரையோ கால் மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். சூடாக இருக்கும்போதே கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடி, ஆறவிடுங்கள். ஆறிய பிறகு பீக்கரின் சுவரோடு ஒட்டி மெதுவாக வழியவிட்டு ஊற்றுங்கள். மேலேயிருந்து டீ ஆற்றுவதுபோல் ஊற்றினால் கொதிக்க வைத்த உழைப்பு வீண். ஆய்வகங்களில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். திறந்து வைத்தால் காற்று மறுபடி கரையும், ஆகவே அன்றைய தண்ணீர் அன்றைக்கே.

தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கணக்கில் வரும்.

படி 4: தராசில் திறனை அளப்பது

ஒலி ஒரு பொருளில் விழுங்கப்படும்போது அதன்மேல் மெல்லிய அழுத்தம் கொடுக்கும். அந்த விசை, திறனைத் தண்ணீரில் ஒலி ஓடும் வேகத்தால் வகுத்தால் வருவது. 20 டிகிரி தண்ணீரில் வேகம் வினாடிக்கு 1482 மீட்டர். 30 டிகிரியில் ஏறக்குறைய 1509. எடையாக மாற்றினால் ஒரு வாட்டுக்கு 20 டிகிரியில் 69 மில்லிகிராம், நம் ஊர் 30 டிகிரி அறையில் 68 மில்லிகிராம். சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 61161 சொல்லும் முறையும் இதே தத்துவத்தில்தான் நிற்கிறது. அவர்கள் கருவி நுட்பமானது, நம்முடையது எளியது, அவ்வளவே வித்தியாசம்.

பீக்கரைத் தராசின் மேல் வையுங்கள். அடியில் ரப்பர், மேலே காற்று நீக்கிய தண்ணீர். ஹெட்டை ஸ்டாண்டில் பிடித்து முகம் கீழே பார்க்கும்படி, ரப்பரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் இறக்குங்கள். முகம் மட்டும் நனைந்தால் போதும். ஹெட் தண்ணீருக்குள் இறங்கலாம் என்று கையேட்டில் இருந்தால் ஒழிய அதற்குமேல் இறக்காதீர்கள், 230 வோல்ட் மெஷின் அது. முகத்தின் அடியில் குமிழ் ஒட்டியிருக்கிறதா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, இருந்தால் சுத்தமான பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள்.

தராசைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். 1 மெகாஹெர்ட்ஸ், தொடர்முறை (ஓய்வில்லாமல் ஒலி வரும் முறை), 1.0. ஆன் செய்ததும் எடை துள்ளும். ஐந்து வினாடிக்குள் படித்து, ஆஃப் செய்து, கீழே இறங்கிய அளவையும் படியுங்கள். ஏறியதும் இறங்கியதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நீண்ட நேரம் ஓடவிட்டால் ரப்பர் சூடாகித் தண்ணீர் சுழலத் தொடங்கும், எடையும் நகர்ந்துகொண்டே போகும். அந்த எண் பயன்படாது. இதேபோல் பத்துப் பதினைந்து தடவை ஆன்-ஆஃப் செய்து சராசரி எடுங்கள்.

ஈ.ஆர்.ஏ. 4 சதுர சென்டிமீட்டர் என்றால் 1.0க்கு 4 வாட், அதாவது 272 மில்லிகிராம் வர வேண்டும். 0.5க்கு 136, 2.0க்கு 544. 20 சதவீத பல்ஸில் 1.0 வைத்தால் ஏறக்குறைய 54 வருகிறதா, 272 வருகிறதா என்று பாருங்கள். 54 என்றால் உங்கள் மெஷின் ஒலி நேரத்துச் செறிவைக் காட்டும் வகை. தராசு சராசரியைத்தான் உணரும், அதை ஏமாற்ற முடியாது. இந்தச் சின்ன அளவுக்கு 0.01 கிராம் தராசு கொஞ்சம் முரட்டுத்தனமானது, ஆனால் 54ஐயும் 272ஐயும் பிரித்துக் காட்டிவிடும்.

திறனில் 20 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று தரம் அனுமதிக்கிறது. ஆகவே 218க்கும் 326க்கும் இடையில் வந்தால் மெஷின் பாஸ். 1.0இல் சரியாக இருந்து 2.0இல் மட்டும் தொங்கினால் கிரிஸ்டலையோ மின்சுற்றையோ பார்க்கச் சொல்லுங்கள்.

நம்புவதற்கு முன் இரண்டு சோதனை. ஹெட்டை ஸ்டாண்டோடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலே, கீழே நகர்த்திப் படியுங்கள். 1 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 0.75 மில்லிமீட்டர். இந்தச் சின்ன நகர்வுக்கே எடை பெரிதாக ஏறி இறங்கினால், ரப்பர் ஒலியைத் திருப்பி அடித்து, போகும் ஒலியும் திரும்பும் ஒலியும் கலந்து நிலை அலை உருவாகியிருக்கிறது என்று அர்த்தம், வேறு ரப்பர் தேடுங்கள். அடுத்து, ஹெட்டைத் தராசுக்குப் பக்கத்தில் வேறொரு தண்ணீர் டம்ளரில் முக்கி ஆன் செய்யுங்கள். அப்போதும் தராசு துள்ளினால் அது மின்காந்த இரைச்சல், கேபிளைத் தள்ளி வையுங்கள். ஹெட்டைக் காற்றில் பிடித்து ஆன் செய்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். ஆற்றல் வெளியேற வழியில்லாமல் கிரிஸ்டல் சூடாகிக் கெட்டுவிடும்.

ஹெட்டைத் திருப்பிப் பிடித்து, முகத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது கொதிப்பதுபோல் துடிப்பதைப் பார்த்து 'நல்லா வேலை செய்யுது' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் ஹெட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியும். 1 வாட்டா, 3 வாட்டா என்பது தெரியாது.

படி 5: கற்றையின் வடிவம் (ஹைட்ரோஃபோன் கிடைத்தால்)

இதற்குப் பெரிய தொட்டி வேண்டும். வண்ணமீன் கடைகளுக்குப் பேர்போன கொளத்தூரில் வாங்கும் சாதாரண மீன்தொட்டி போதும். ஹெட்டுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் உறிஞ்சும் ரப்பர் ஒட்டுங்கள். ஹைட்ரோஃபோனின் உணர்முனை அரை அலைநீளத்தைவிடச் சிறியதாக இருப்பது நல்லது. இல்லையென்றால் கூர்மையான உச்சங்களை மழுங்கடித்துக் காட்டும்.

ஹெட்டின் முகத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி, கட்டம் கட்டமாக நகர்த்தி அழுத்தத்தைப் பதிவு செய்தால் ஈ.ஆர்.ஏ. கிடைக்கும். இதற்கான தரம் ஐ.இ.சி. 61689. அழுத்தத்தின் இருமடியைத் தண்ணீரின் அடர்த்தியாலும் ஒலி வேகத்தாலும் வகுத்து, அதில் பாதி எடுத்தால் செறிவு. ஒரு வாட் செறிவுக்கு அழுத்த அலையின் உச்சம் ஏறக்குறைய 0.17 மெகாபாஸ்கல். இந்த எண் மனதில் இருந்தால் கணக்கில் சைபர் கூடினாலோ குறைந்தாலோ உடனே பிடித்துவிடலாம்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஹெட்டின் ஆரத்தின் இருமடியை அலைநீளத்தால் வகுத்தால் அண்மைப் புலம் எவ்வளவு தூரம் என்று தெரியும். 5 சதுர சென்டிமீட்டர் ஹெட்டுக்கு 1 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், 3 மெகாஹெர்ட்ஸில் 30க்கும் மேல். நாம் சிகிச்சை தரும் ஆழம் எல்லாம் இதற்குள்தான். அதாவது செறிவு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் குழப்பமான பகுதிக்குள் வேலை செய்கிறோம். தூரம் கூடக்கூட ஒலி விரிந்து குறையும் என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே உதவாது. சராசரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உச்சத்தைப் பி.என்.ஆர். மூலம் நினைவில் வைப்பதுதான் நடைமுறை.

படி 6: உடம்புக்குள் போகும் வழியைக் கணக்கிடுவது

தண்ணீரில் ஒலி தேய்வதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. திசுவில் தேயும். 1 மெகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொழுப்பில் ஏறக்குறைய 0.5 டெசிபல், தசையில் 1, தோலில் 2 என்று எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். தசை இழை ஓடும் திசையைப் பொறுத்தும் மாறும். அதிர்வெண் கூடினால் அதே விகிதத்தில் தேய்வும் கூடும், 3 மெகாஹெர்ட்ஸுக்கு எல்லாவற்றையும் மூன்றால் பெருக்குங்கள். 3 டெசிபல் என்றால் பாதி, 10 என்றால் பத்தில் ஒரு பங்கு.

தடிமன் தெரிய வேண்டுமே? கொழுப்பை மடிப்புக் காலிப்பரால் அளக்கலாம். மடிப்பில் இரண்டு அடுக்கு வருவதால் பாதியாக்கிக்கொள்ளுங்கள். துல்லியம் வேண்டுமென்றால் சோனாலஜிஸ்ட்டிடம் அனுப்பி ஸ்கேனில் அளந்து வாங்குங்கள். கிளினிக்கிலேயே ஒரு சின்ன ஸ்கேன் மெஷின் வாங்கிப் போடலாமே என்று தோன்றும். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் மெஷினைப் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது. அந்த வம்பு வேண்டாம்.

ஒரு கணக்கு போடுவோம். வலை இழுப்பவரின் தோள். தோல் 2 மில்லிமீட்டர், கொழுப்பு 8 மில்லிமீட்டர், தசைக்குள் 2 சென்டிமீட்டரில் வலி. தோலில் 0.4, கொழுப்பில் 0.4, தசையில் 2, மொத்தம் 2.8 டெசிபல். மிஞ்சுவது 52 சதவீதம். இதையே 3 மெகாஹெர்ட்ஸில் செய்தால் 8.4 டெசிபல், மிஞ்சுவது 14 சதவீதம். ஆழமான வலிக்கு 1 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொடுத்தது ஏன் என்று இந்த இரண்டு எண்ணும் சொல்கின்றன.

இனி எல்லாவற்றையும் சேர்ப்போம். திரையில் 1.0. தராசு காட்டியது 231 மில்லிகிராம் என்று வையுங்கள். 68ஆல் வகுத்தால் 3.4 வாட். ஈ.ஆர்.ஏ. 4 ஆல் வகுத்தால் 0.85. மெஷின் பாஸ்தான், இருந்தும் முதல் வெட்டு விழுந்துவிட்டது. 52 சதவீதத்தால் பெருக்கினால் 0.44. ஹெட்டை அதன் ஈ.ஆர்.ஏ.வைப்போல் இரண்டு மடங்கு பரப்பில் சுழற்றுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் பாதி நேரம்தான் ஒலி, ஆகவே 0.22. கார்டில் 1 வாட், தசையில் கால் வாட்டுக்கும் கீழே. முதுகு முழுக்க ஹெட்டை ஓட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அளவீட்டுப் பிழைகளைவிட இந்தப் பரப்புதான் சிகிச்சையை அதிகம் நீர்த்துப்போகச் செய்கிறது என்பது என் கருத்து. இதைச் சரிசெய்யக் காசும் செலவில்லை.

இணையத்தில் தேடினால் '0.3 டெசிபல்' என்று ஒரு எண் அடிக்கடி கண்ணில் படும். சென்டிமீட்டருக்கு, மெகாஹெர்ட்ஸுக்கு 0.3 என்று கழிக்கும் இந்த முறை ஸ்கேன் மெஷின்களின் பாதுகாப்புக்காக வந்தது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வைத்திருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட் வரம்பு இப்படிக் கழித்த பிறகு வருவது. அங்கே நோக்கம் உடம்புக்குள் போவதைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது என்பது, அதனால் தேய்வை வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு அதே எண்ணைப் போட்டால் சேராத ஒலியைச் சேர்ந்ததாக நினைத்துக்கொள்வோம்.

எலும்பு வந்தால் கணக்கு வேறு மாதிரி. தசையும் எலும்பும் சேரும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திரும்பி வந்து, போகும் அலையோடு சேரும். உள்ளே போனதை எலும்பு மேற்பரப்பிலேயே வேகமாக விழுங்கிவிடும். நோயாளி 'சுருக்குனு குத்துது' என்றால் எலும்புறை சூடாகிறது. அந்த நேரத்தில் எந்தக் கணக்கையும் நம்பாதீர்கள், செறிவைக் குறையுங்கள்.

படி 7: கறித்துண்டில் சரிபார்ப்பது

புத்தக எண்ணை நம்ப மனமில்லாதவர்களுக்கும், கல்லூரி புராஜெக்ட் செய்பவர்களுக்கும் இது. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் காலையில் போனால் அன்றைக்கு அறுத்த ஆட்டுத்தொடை கிடைக்கும். புதிதாக இருப்பது அவசியம், கெட ஆரம்பித்த கறிக்குள் வாயு சேர்ந்துவிடும். எலும்பு இல்லாத, 2 சென்டிமீட்டர் தடிமனான துண்டு எடுத்து, காற்று நீக்கிய உப்புநீரில் ஊறவிடுங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு.

முதல் சோதனை தேய்வு. படி 4இன் அமைப்பில் ஹெட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே துண்டைத் தொங்கவிட்டு எடையைப் படியுங்கள். தசையில் சென்டிமீட்டருக்கு 1 டெசிபல் என்றால் 272 இருந்த இடத்தில் 172 வர வேண்டும். துண்டைத் தனி ஸ்டாண்டில் தொங்கவிட வேண்டும், பீக்கரின் சுவரையோ ரப்பரையோ தொடவிடக் கூடாது. தொட்டால், துண்டு விழுங்கும் ஒலியின் விசையும் பீக்கர் வழியாகத் தராசுக்கே வந்துசேரும். கறி வைத்தாலும் வைக்காவிட்டாலும் எடை மாறவே இல்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும்.

இரண்டாவது சோதனை வெப்பம். இந்த வழி பழையது. 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, ரூத் ஃப்ரை இருவரும் வெப்பநிலையை உணரும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை வைத்து ஒலிச் செறிவை அளந்து காட்டினார்கள். கறித்துண்டுக்குள் வேண்டிய ஆழத்தில் மெல்லிய தெர்மோகப்பிளைச் செருகி, ஜெல் தடவி, ஹெட்டை அசையாமல் வைத்து ஆன் செய்யுங்கள். அசையாமல் வைப்பது கறிக்கு மட்டும், நோயாளிக்குக் கூடவே கூடாது. வெப்பநிலையை 0.01 டிகிரி வரை தொடர்ந்து பதியும் லாகர் கருவி வேண்டும்.

வரைபடத்தில் முதல் ஓரிரு வினாடி வெப்பம் சட்டென்று ஏறும். அதில் ஒரு பகுதி கம்பிக்கும் திசுவுக்கும் இடையிலான உரசலால் வரும் போலி வெப்பம், விட்டுவிடுங்கள். அதற்குப் பின் நேர்கோடாக ஏறும் பகுதியின் சரிவை எடுங்கள். நேரம் போகப்போக வெப்பம் பக்கவாட்டில் கடந்து கோடு வளையும், அதையும் விடுங்கள். சரிவைத் திசுவின் வெப்பக் கொள்ளளவால் பெருக்கி, ஒலியை விழுங்கும் கெழுவால் வகுத்தால் அந்த இடத்துச் செறிவு. தசைக்குக் கொள்ளளவு கன சென்டிமீட்டருக்கு 3.7 ஜூல். 1 மெகாஹெர்ட்ஸில் கெழு சென்டிமீட்டருக்கு 0.15 என்று எடுத்து, சரிவு வினாடிக்கு 0.02 டிகிரி வந்தால், செறிவு 0.49 வாட். இது அந்த ஒரு புள்ளியின் செறிவு என்பதை மறக்க வேண்டாம். கம்பியை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிச் செருகினால் வேறு எண் வரும், காரணம் படி 5இல் சொன்ன குழப்பம்தான். பல இடத்தில் செருகிச் சராசரி எடுங்கள்.

கறியில் ரத்த ஓட்டம் இல்லை. உயிருள்ள தசையில் ரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். 1995இல் அமெரிக்காவில் டிரேப்பர் குழுவினர் மனிதக் கெண்டைக்காலில் உணர்கருவி செருகி அளந்தபோது, 1.5 வாட் தொடர்முறையில், ஹெட்டைப்போல் இரண்டு மடங்கு பரப்பில் சுழற்றியதில், 1 மெகாஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.3 டிகிரிதான் ஏறியது. 3 மெகாஹெர்ட்ஸில், ஆழம் குறைந்த இடத்தில், 0.9. 3 டிகிரி ஏற வேண்டுமென்றால் 1 மெகாஹெர்ட்ஸில் 10 நிமிடம் ஆகும். நம் ஐந்து நிமிட வழக்கத்தை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குவிய மீயொலிக்கு என்ன செய்கிறார்கள்?

கட்டியைச் சுட்டு அழிக்கும் குவிய மீயொலியில் குவியத்தில் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான வாட். அங்கே சாதாரண ஹைட்ரோஃபோனை வைத்தால் குமிழ் வெடிப்பிலேயே உடைந்துபோகும். ஆகவே குறைந்த சக்தியில் கற்றையின் வடிவத்தை அளந்து, முழுச் சக்தியில் மொத்தத் திறனைத் தராசில் அளப்பார்கள், அல்லது ஒளியிழை ஹைட்ரோஃபோனைப் பயன்படுத்துவார்கள். இவ்வளவு செறிவில் அலையின் வடிவமே சிதைந்து, அதிக அதிர்வெண்கள் பிறந்து, வெப்பம் எதிர்பார்த்ததைவிடக் கூடும். படி 6இன் நேர்க்கணக்கு அதனால் அங்கே பிழைக்கும்.

சிகிச்சை நடக்கும்போது எம்.ஆர்.ஐ. உதவும். தண்ணீரில் உள்ள புரோட்டானின் அதிர்வு, ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 0.01 பங்கு என்ற அளவில் மாறும். அந்த மாற்றத்தைப் படமாக்கினால் உடம்பைத் திறக்காமலே உள்ளே வெப்பநிலை வரைபடம் கிடைத்துவிடும். கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு 2004லும், கை நடுக்கத்துக்கு மூளையில் 2016லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது இப்படி எம்.ஆர்.ஐ. வழிகாட்டலோடு இயங்கும் முறைக்குத்தான். அவர்கள் செறிவைக்கூடப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, 43 டிகிரியில் இத்தனை நிமிடத்துக்குச் சமம் என்று வெப்ப அளவைப் பார்க்கிறார்கள். 240 நிமிடம் என்பது திசு அழிவுக்குப் பரவலாக எடுத்துக்கொள்ளும் எல்லை. 43க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதியாகும் என்பதால் 56 டிகிரியில் இரண்டு வினாடியிலேயே அந்த எல்லை வந்துவிடும்.

படி 8: பதிவேடு

மெஷினுக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, தண்ணீரின் வெப்பநிலை, ஹெட்டின் வரிசை எண், ஈ.ஆர்.ஏ., பி.என்.ஆர்., 0.5 முதல் 2.0 வரை தராசு காட்டிய மில்லிகிராம், கணக்கிட்ட வாட். மாதம் ஒருமுறை பார்த்தால் தாராளம். ஹெட் கீழே விழுந்தாலோ, கேபிள் ரிப்பேருக்குப் போய் வந்தாலோ, நோயாளி திடீரென்று 'இன்னிக்கு ரொம்ப சுடுது' என்றாலோ மாதம் வரை காத்திருக்க வேண்டாம். நோயாளியின் கார்டில் திரை எண்ணோடு எத்தனை சதுர சென்டிமீட்டர் பரப்பில், எத்தனை நிமிடம் சுழற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் கார்டில் இருக்கும் '1 வாட்'டை வைத்து அடுத்து வரும் பிசியோ எந்தக் கணக்கும் போட முடியாது. ஹெட்டை மாற்றினால் பழைய எண்கள் எதுவும் செல்லாது, படி 4இலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.